யார் வயிற்றுக்குள்ளும் போகாத தண்ணீர்

வயிற்றுச் சவ்வு வேலை செய்யவில்லை என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர் சொன்னபோது எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. தெலுங்கில் சொன்னார். அங்கன்வாடியில் இத்தனை வருஷமாகத் தெலுங்கில்தான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மறுபடி சொல்லுங்கள் என்றேன். அவரும் பொறுமையாக மறுபடி அதையே சொன்னார்.

"போன வாரம் நீங்கள் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரில் கழிவு என்று ஒன்றுமே இல்லை. சவ்விலிருந்து உதிர வேண்டிய புரதமும் இல்லை. இந்த ரிப்போர்ட் சரியென்றால் இனி வயிற்றில் செய்ய முடியாது. கழுத்தில் குழாய் போட்டு மெஷினுக்கு மாறவேண்டி வரும். பெரிய டாக்டரம்மா வார்டு பார்த்துவிட்டு வருவார், வெளியே உட்காருங்கள்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்ச் சில வருஷம் ஆகிறது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மாங்காய் சீசனில் எங்கள் நகரிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சித்தூரில் இருக்கிற மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு அடிப்பார். ரத்த அழுத்தம் ஏறிக்கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது இரண்டு வழிதான் மிச்சம் இருந்தது. ஒன்று, வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. இன்னொன்று, வீட்டிலேயே வயிற்றில் செய்வது.

அவருடைய அண்ணன் சித்தூரில் அந்த மெஷினில்தான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போது துவைத்துப் பிழிந்த துணியாட்டம் வருவார். வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டார். தூக்கிக்கொண்டு போனவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அன்றிலிருந்து மெஷின் என்றாலே அவருக்குச் சாவு என்று அர்த்தம். "அதுக்கு நேரா சுடுகாட்டுக்கே பூட்லாம்மே" என்பார். அதனால் வயிற்றில் செய்வது என்று முடிவானது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றுக்குள் குடலைச் சுற்றி மெல்லிசாக ஒரு சவ்வு இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே ஒரு குழாயை நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள். பையில் வருகிற சர்க்கரைத் தண்ணீரை அந்தக் குழாய் வழியாக உள்ளே விட்டுச் சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும். புளியை ஊறவைத்தால் சாறு தண்ணீரில் இறங்குகிறதே, அந்த மாதிரி ரத்தத்தில் இருக்கிற கழிவு சவ்வு வழியாக அந்தத் தண்ணீரில் இறங்கும். உடம்பில் தேங்கிய நீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பை. பகலில் மூன்று தடவை, ராத்திரிக்கு ஒன்று. ராத்திரித் தண்ணீர் விடியும்வரை உள்ளேயே இருக்கும்.

இந்தச் சவ்வு ஆயுசுக்கும் உழைக்காது. சர்க்கரைத் தண்ணீரிலேயே ஊறி ஊறி ஒரு நாள் தேய்ந்துவிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் அவ்வப்போது சோதனை. வடிந்த தண்ணீரில் கழிவு எவ்வளவு, ரத்தத்தில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்தத் தடவை டாக்டரம்மா புதிதாக ஒன்றையும் பார்க்கச் சொல்லியிருந்தார். சவ்வில் இருக்கிற உயிரணுக்கள் தண்ணீரில் ஒரு புரதத்தை உதிர்த்துக்கொண்டே இருக்குமாம். அது இருந்தால் சவ்வு உயிரோடு இருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் அது குறைந்தால் சவ்வு தேய்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடையைப் போட்டுப் பார்க்கிறோமே, அதுபோல ஆளைத் தொடாமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதற்காகத்தான் காலையில் வடித்த பையை அப்படியே கொண்டுவரச் சொன்னார்கள். பை மாற்றும்போது அறைக்குள் யாரும் போகக்கூடாது. கதவை மூடி, ஃபேனை நிறுத்தி, முகத்துக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு அவரே செய்துகொள்வார். கிருமி போனால் உயிருக்கே ஆபத்து. முடித்ததும் வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்து, எழுத்து தெரிகிறதா என்று நான் பார்ப்பேன். கலங்கலாக இருந்தால் எழுத்து தெரியாது, உடனே திருப்பதிக்கு ஓட வேண்டும். அன்றைக்கு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. இடையிடையே சில நாள் வருவதுபோல, எப்போதும் இருக்கிற லேசான மஞ்சள்கூட இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று நினைத்தேன். பாழாய்ப்போன சந்தோஷம்.

அந்தப் பையைத் துணிப்பையில் வைத்து மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். புத்தூர் தாண்டியதும் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஏமிம்மா, தீர்த்தமா?" என்றார். திருப்பதி பஸ்ஸில் அப்படித்தான் கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அந்தப் பையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்தார்கள், அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள், ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஒரு வாரம் கழிந்துதான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அங்கன்வாடி வேலையை விட வேண்டும், அவரை வாரத்துக்கு மூன்று தடவை பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டும், அதெல்லாம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவருடைய அண்ணன் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.

"இன்னா மாமா, ஒன்னியும் பேசமாட்டியா?" என்றேன். அவர் என் தாய்மாமன், சின்ன வயசிலிருந்து எனக்கு மாமாதான்.

"இன்னா பேச? சாமி குடுத்தாரு, சாமி எடுத்துக்கினாரு" என்றார்.

இந்த மனுஷனா பேசுகிறார் என்று எனக்குத் திக்கென்றது. மெஷின் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர். இப்போது ஏதோ கல்யாணத்துக்குத் தேதி குறித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெரிய டாக்டரம்மா வந்ததும் உள்ளே கூப்பிட்டார். அவரும் வயசில் சின்னவர்தான், என் தங்கை மாதிரி இருப்பார். எல்லைப் பக்கத்து ஜனங்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழும் பேசுவார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தார்.

"அம்மா, சவ்வு கெட்டுப்போனாலும் கொஞ்சமாவது கழிவு வரும். சர்க்கரை கொஞ்சமாவது குறையும். இதுல சர்க்கரை பையில எழுதியிருக்கிற அளவு அப்படியே இருக்குது" என்றார். பிறகு என் வீட்டுக்காரரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "இந்தத் தண்ணி யார் வயித்துக்குள்ளேயும் போகவே இல்ல."

யாரோ பையை மாற்றிவிட்டார்களா? மாற்றுவதற்கு யார் இருக்கிறார்கள்? வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "அவருதாம்மா ரூம்லேர்ந்து எடுத்துக்கினு வந்து குடுத்தாரு. மடியிலயே வெச்சிக்கினு வந்தேன், பஸ்ல கீழகூட வெக்கல" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

டாக்டரம்மா என்னோடு வாதாடவில்லை. "இப்ப வயித்துல தண்ணி இருக்குதா?" என்று அவரைக் கேட்டார். இருக்கிறது என்றார். அங்கேயே வடிக்கச் சொன்னார். நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டியபோது தண்ணீர் எப்போதும் போல லேசான மஞ்சளாக இருந்தது. அதையும் ரத்தத்தையும் அவசரமாகப் பார்த்துவிடலாம் என்று அனுப்பிவிட்டு டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க. அன்னிக்கி என்ன நடந்துச்சு?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தார். "அதுக்கு மொத நாளு ஏகாதசிங்க."

ஏகாதசி விரதம் அவர் பிடிப்பது எனக்குத் தெரியும். குழாய் வைத்த அன்றைக்கே வேண்டிக்கொண்டார். இந்த வயிறு உழைக்கிறவரைக்கும் ஏகாதசிக்கு ஏகாதசி முழு உபவாசம், மறுநாள் துவாதசிக் காலையில்தான் வாய் நனைப்பேன் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார். நான் கேலிகூடச் செய்தேன். "தண்ணியே குடிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, உனக்கு விரதம் சும்மா வருது மாமா" என்றேன். துவாதசிக்குத் துவாதசி கொஞ்சம்போல அகத்திக்கீரை ஆக்கிப் போடுவேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஏகாதசின்னா என்ன செய்வீங்க?" என்றார் டாக்டரம்மா.

"அன்னிக்கிக் காலையில உள்ள இருக்கறத வடிச்சிடுவேன். புதுசு வுடமாட்டேன். அதுல சர்க்கரை கீதுங்களே. வயித்துல சர்க்கரைத் தண்ணிய ஊத்திக்கினு விரதம்னு சொன்னா அந்த ஏழுமலையானுக்குத் தெரியாதா?"

அவரே மெதுவாக மீதியையும் சொன்னார். ஏகாதசி பூரா வயிறு காலி. எனக்குத் தெரியக்கூடாது என்று வேளா வேளைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, புதுப் பையின் தண்ணீரை வயிற்றுக்கு விடாமல் பக்கத்தில் இருக்கிற காலிப் பையில் நேராக இறக்கிவிடுவார். மறுநாள் காலையில் வடிக்க வயிற்றில் ஒன்றும் இருக்காதே, அப்போதும் அதே வேலை. அப்படி இறக்கிய ஒரு பையைத்தான் நான் தீர்த்தம் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஒரு ஏகாதசி விடாமல், குழாய் வைத்த நாளிலிருந்து.

டாக்டரம்மா, பெரியப்பா என்று தெலுங்கில் முறை வைத்து, "அது சாப்பாடு இல்ல பெத்தநாயனா, மருந்து" என்றார்.

"மருந்துன்னா நான் ஒத்துக்குவேன். மாத்திரை போட்டுக்கினுதான் கீறேன். இங்க இருக்கற சிஸ்டர்தான் சொன்னாங்க, அந்தச் சர்க்கரை ஒடம்புல ஏறும், அதனால சோத்தக் கொறச்சிக்கோன்னு. சோத்துக்குப் பதிலா ஒடம்புல ஏறுதுன்னா அது துன்னதுதானுங்களே?"

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஒவ்வொரு துவாதசிக்கும் மறுநாள் அவருக்கு முகம் ஊதிக்கொள்ளும், மாடி ஏறாமலே மூச்சு வாங்கும். நான் எதை எதையெல்லாமோ சந்தேகப்பட்டேன். திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று குடத்துக்கு மூடி போட்டேன். ஆவக்காய் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். குழம்பில் உப்பைக் குறைத்துக் குறைத்து நானும் அந்தச் சப்பையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவரோ அத்தனையையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கழுத்துல குழாய் போடறேன்னு அந்த டாக்டர் சொல்றாரே, அப்பக்கூடச் சொல்லத் தோணலியா மாமா உனக்கு?" என்று டாக்டரம்மா முன்னாலேயே கத்தினேன்.

"சொன்னா விரதத்த வுடச் சொல்லுவீங்க. வுட்டா வயிறு பூடும்."

"அதான் பூட்ச்சின்னு சொன்னாங்களே."

"போன ஏகாதசியில நாக்கு வறண்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டேன்மே. பையில இருந்தது வெறுந்தண்ணிதான், ஆனா ரத்தமும் எடுத்தாங்களே, அதுல தெரிஞ்சிட்ச்சி, அதுக்குத்தான் சாமி எடுத்துக்கினாருன்னு நெனச்சேன்."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு வாய் தண்ணீருக்குத் தண்டனை என்று இந்த ஆள் மெஷினுக்குத் தயாராகிவிட்டார். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அந்த வழியிலேயே தானும் போவதற்குச் சரிங்க சார் என்று தலையை ஆட்டியிருக்கிறார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்கு இந்த மனுஷனைத் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியானம் அவசர ரிப்போர்ட் வந்தது. கழிவு நன்றாக இறங்கியிருக்கிறது, சவ்வு வேலை செய்கிறது என்றார்கள். புரதத்துக்கான முடிவு சில நாள் கழித்து ஃபோனில் வந்தது. அதுவும் நல்லபடியாகவே இருந்தது. டாக்டரம்மா அன்றைக்கு அவரிடம் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார். வயிற்றைக் காலியாக விட்டால் நீர் நெஞ்சில் ஏறும், சவ்வு நன்றாக இருந்தும் ஆள் போய்விடுவீர்கள் என்று தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னார். அவரும் தலையை ஆட்டினார்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். நகரி பஸ் ஏறி உட்கார்ந்தோம். அவர் முகம் காலையில் பார்த்த முகமே இல்லை, தெளிந்திருந்தது. என் பக்கம் திரும்பி, "பாத்தியாமே, வயிறு நல்லா கீதுன்ட்டாங்க. விரதம் கைவுடல" என்றார்.

காலையில் டாக்டர் சொன்னதைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எந்தச் சோதனை அவருக்குப் புத்தி சொல்லும் என்று நினைத்தேனோ, அது அவர் பக்கமே சாட்சி சொல்லிவிட்டது. சவ்வு நன்றாக இருக்கிறது, ஏனென்றால் விரதம் இருந்தேன். இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

அடுத்த ஏகாதசி வந்தது. நான் அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு மாஸ்க் கட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு அவரோடு அறைக்குள் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையை மாட்டினார், குழாயை இணைத்தார், உள்ளே இருந்ததை வடித்தார். புதுத் தண்ணீர் மேலே தொங்குகிறது. குழாயில் இருக்கிற கிளிப்பைத் திறந்தால் போதும், தானாக வயிற்றுக்குள் இறங்கும். அவர் கிளிப்பில் விரலை வைத்தார். திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"என்னால ஆவலமே. நீ வெளிய போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் போகவில்லை. அவர் விரலை எடுத்துவிட்டு நானே கிளிப்பைத் திறந்தேன். "நீ துன்னல மாமா, நான் ஊட்டறேன். பாவம் ஊட்டறவளுக்குத்தான். உன் சாமிகிட்ட என் பேரச் சொல்லிடு" என்றேன். தண்ணீர் இறங்கியது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர் முழுதும் உள்ளே போய் முடிகிறவரை அப்படியே இருந்தார்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். மற்ற நாளில் அவரே செய்துகொள்வார். ஏகாதசி என்றால் பையை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுவார், நான் போய்க் கிளிப்பைத் திறப்பேன். இப்போது துவாதசிக்கு மறுநாள் முகம் ஊதுவதில்லை, மூச்சும் வாங்குவதில்லை. ஆவக்காய் ஜாடியைத் திரும்பக் கேட்டேன், பக்கத்து வீட்டில் எப்போதோ காலி செய்துவிட்டார்களாம்.

போன மாசம் மறுபடி சோதனை. இந்தத் தடவை நான் அறைக்குள் நின்று பார்த்த தண்ணீரையே கொண்டுபோனோம். அந்தப் புரதம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் வருஷம் ஆக ஆகக் குறையும், என்றைக்காவது ஒரு நாள் சவ்வு ஓய்ந்துதான் போகும் என்றார் டாக்டரம்மா. அவர் என்னிடம்தான் சொன்னார். ஆனால் என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, ஏகாதசிக்குக் கிளிப்பைத் திறக்கிற என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.